செஞ்சிக்கோட்டை: காத்ததும் காக்கவேண்டியதும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாட்டின் எல்லையைக் காப்பதற்காக எழுப்பப்பட்ட கோட்டைகள், தம் பணி முடிந்தபின் பிறர் காவலை எதிர்நோக்கி நிற்கின்றன. பகைவரின் பீரங்கியைத் தாங்கிய மதிலை ஓர் அரசமரக் கன்றின் வேர் பிளந்துவிடுகிறது. நூற்றாண்டுகளைக் கடந்த சுவரில் ஒரு நொடியில் பெயர் கீறப்படுகிறது. கோட்டையைக் காத்தல் என்பது கல்லைக் காத்தல் மட்டுமா? அங்கு வாழ்ந்தவர், வென்றவர், தோற்றவர் அனைவரின் நினைவையும் காத்தலா? செஞ்சிக்கோட்டையின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட உதவுகிறது.

அரணும் தமிழரும்

தமிழர், அரணைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்கள். கோட்டையை முற்றுகையிடுதலையும் கைப்பற்றுதலையும் தொல்காப்பியம் உழிஞைத் திணையில் கூறுகிறது. கோட்டையினுள் இருந்து அதனைக் காத்து நிற்றலைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சித் திணை எனத் தனியே வகுக்கிறது. திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரத்தையே அமைத்துள்ளார். தெளிந்த நீர், வெட்டவெளியான நிலம், மலை, அடர்ந்த காடு ஆகிய நான்கும் அமைந்ததே அரண் என்பது அவர் கருத்து. உயரம், அகலம், உறுதி, பகைவரால் நெருங்க இயலாமை ஆகியவை மதிலுக்கு வேண்டும் எனவும், உணவு நிறைந்து உள்ளிருப்போர் நிலைத்து நின்று போரிட ஏற்றதாக அரண் விளங்க வேண்டும் எனவும் அவர் கூறுகிறார்.

இவ்விலக்கணம் முழுவதையும் கல்லிலும் மண்ணிலும் காண விரும்புவோர்க்கு உரிய இடம் செஞ்சி.

மூன்று மலை, ஒரு கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சி அமைந்துள்ளது. சமவெளியின் நடுவே பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் மூன்று குன்றுகள் எழுந்து நிற்கின்றன. மேற்கே இராசகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். இம்மூன்றும் தனித்தனிக் கோட்டைகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதில் அவற்றை ஒரே கோட்டையாக்குகிறது. மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அது வளைத்துள்ள பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர்.

மூன்றனுள் உயர்ந்தது இராசகிரி. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இக்குன்றின் உச்சியை அடைவதற்கு வாயில்கள் பலவற்றைக் கடந்து செல்ல வேண்டும். வாயில்கள் நேர்க்கோட்டில் அமையவில்லை. ஒவ்வொன்றிலும் வழி திரும்புகிறது. திரும்பும் இடமெல்லாம் மேலிருந்து தாக்குவதற்கு வாய்ப்பான சுவர் நிற்கிறது. யானையைக் கொண்டு கதவை மோத நினைப்பவருக்கு அந்த யானை ஓடிவருவதற்கான இடம் கிடைப்பதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே இயற்கையாகவே அமைந்த ஆழமான பாறைப்பிளவு ஒன்று வழியை அறுக்கிறது. அதன்மேல் போடப்பட்ட பாலத்தை அகற்றிவிட்டால் மேலே உள்ளவர்களை எவரும் அணுக இயலாது.

போர்க்கருவிகளைக் காட்டிலும் உணவும் நீருமே முற்றுகையின் முடிவைத் தீர்மானிப்பவை. இதனை உணர்ந்தே மலைமேலும் அடிவாரத்திலும் நெற்களஞ்சியங்கள் கட்டப்பட்டன. குன்றுகளின் சுனைகளும், அடிவாரத்தில் உள்ள செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம் முதலிய நீர்நிலைகளும் மழைநீரைத் தேக்கி வைத்தன. பல அடுக்குகளுடன் உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், குதிரை இலாயம், உடற்பயிற்சிக் கூடம், வேங்கடரமணர் கோவில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல், அகழாய்வில் வெளிப்பட்ட அரண்மனையின் அடித்தளங்கள் ஆகியவை உள்கோட்டையில் காணப்படுகின்றன. அரசும் படையும் வணிகமும் வழிபாடும் ஒரே மதிலுக்குள் இயங்கியதை இவை காட்டுகின்றன.

அரசுகளின் எல்லை

மெக்கன்சி தொகுத்த சுவடிகளுள் ஒன்றான ‘கர்நாடக இராசாக்கள் சவிஸ்தார சரித்திரம்’, செஞ்சியில் முதலில் கோட்டை கட்டியவர் ஆனந்தக்கோன் என்று கூறுகிறது. ஆடுமாடு மேய்த்த கோனார் குலத்தில் தோன்றிய அவர், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி அமைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் செஞ்சியை ஆண்டனர். இன்று காணப்படும் கோவில்களும் களஞ்சியங்களும் பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. 1597இல் இங்கு வந்த பிமெண்டா என்னும் இயேசு சபைத் துறவி, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் பெரியது இது எனவும், போர்த்துகல் நாட்டில் லிசுபன் நீங்கலாக இதற்கு நிகரான நகரம் இல்லை எனவும் வியந்து எழுதினார்.

1649இல் பீசப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாசி அதனைத் தம் வசமாக்கினார். 1698இல் முகலாயர், அதன்பின் ஆர்க்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1780இல் ஐதர் அலியின் படையும் அதனைப் பிடித்தது.

இவ்வரசுகளுள் பெரும்பாலானவற்றின் தலைநகர் வேறோர் இடத்தில் இருந்தது. அம்பிக்கும் பீசப்பூருக்கும் இராய்கடுக்கும் செஞ்சி தொலைதூரத் தெற்கெல்லை. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்க்கு அது உள்நாட்டை நோக்கிய மேற்குக் காவல். நாயக்கர்க்கும், பின்னர்ச் சில ஆண்டுகள் மராட்டிய மன்னர் இராசாராமுக்கும் அது தலைநகராக விளங்கியது. எல்லைக்கோட்டை என்பதால் ஒவ்வோர் அரசும் அதனை வலுப்படுத்தியது. முன்னவர் கட்டிய மதிலை இடிக்காமல், அதன்மேலும் அதன் வெளியிலும் தன் மதிலைச் சேர்த்தது. ஆகவே செஞ்சியின் மதிலை ஒரே காலத்துக்கு உரியதாகக் கொள்ள இயலாது. கோனார் தொட்டுப் பிரெஞ்சுக்காரர் வரை வந்த கைகள் அதில் பதிந்துள்ளன.

தெரிந்து தெளிவோம்

செஞ்சியைக் கைப்பற்றியவர்கள் அதற்குத் தத்தம் மொழியில் பெயரிட்டனர். பீசப்பூர் ஆட்சியில் அது ‘பாதுசாபாத்’ எனப்பட்டது. முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர் கானுக்கு ‘நுசரத் சங்’ என்னும் பட்டம் இருந்ததால், அவர் வென்றபின் ‘நுசரத்கட்’ எனப்பட்டது. ஆட்சிகள் மாறியபோது அப்பெயர்களும் மறைந்தன. மக்கள் வழங்கிய ‘செஞ்சி’ என்னும் பெயரே நிலைத்தது. கோட்டையைக் காக்கும் தெய்வமாக மக்கள் கருதும் செஞ்சியம்மனின் பெயரால் ஊர்ப்பெயர் அமைந்தது என்று கூறுவாரும் உளர்.

எட்டாண்டு முற்றுகை

செஞ்சியின் வரலாற்றில் மிக நீண்ட போர், முகலாயர் நடத்திய முற்றுகையே. 1689இல் சிவாசியின் மூத்த மகன் சம்பாசி கொல்லப்பட்டார். தலைநகர் இராய்கட் வீழ்ந்தது. இளைய மகன் இராசாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். தந்தை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வென்று வலுப்படுத்திய எல்லைக்கோட்டை, மகனுக்குப் புகலிடமாயிற்று. மராட்டிய அரசு இங்கிருந்தே இயங்கியது.

1690இல் சுல்பிகர் கான் தலைமையில் வந்த முகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்தது. மூன்று மலைகளையும் முழுமையாகச் சுற்றிவளைக்க அப்பெரும்படையாலும் இயலவில்லை. சந்தாசி, தானாசி என்னும் மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து முகலாயரின் உணவு வரும் வழிகளைத் தாக்கினர். முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்கு உள்ளாகித் தானியமின்றித் தவித்த நாள்களும் உண்டு. 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராசாராம் வெளியேறி வேலூர் வழியாக மராட்டிய நாட்டுக்குத் திரும்பிவிட்டார். கோட்டை தோற்றது, ஆயினும் அது ஈட்டித் தந்த எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசை அழியாமல் காத்தன.

இப்போரின் மற்றொரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எட்டு ஆண்டுகள் இரு படைகளுக்கும் உணவளித்தது செஞ்சியைச் சுற்றியிருந்த வயல்களே. படைகள் சென்ற வழியெங்கும் உழவர் விளைத்த நெல் பறிபோயிற்று, கால்நடைகள் கவரப்பட்டன. மதிலுக்குக் கல் பிளந்தவர்கள், சுமந்தவர்கள், நீர் இறைத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எக்கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் உளி பதிந்த தடங்கள் மட்டும் பாறைகளில் எஞ்சியுள்ளன. அவற்றையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வதே முறை.

தெரிந்து தெளிவோம்

1690இல் ஆங்கிலேயர், செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு குண்டு எல்லை வகுத்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என்று அழைக்கப்பட்டன. அக்கோட்டை ‘புனித டேவிட் கோட்டை’ என்று பெயர் பெற்றது.

மக்கள் காத்த நினைவு

பேரரசுகள் மோதிய செஞ்சியைத் தமிழ்மக்கள் நினைவில் வைத்திருப்பது வேறொருவர் பெயரால். அவர், செஞ்சியைச் சில மாதங்களே ஆண்ட தேசிங்கு என்னும் தேச்சிங். புந்தேலா இராசபுத்திர மரபினரான அவர், தந்தை சொரூப்சிங்கின் மறைவுக்குப் பின் செஞ்சிக்கு வந்தார். கப்பம் தொடர்பாக ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கும் அவருக்கும் பகை மூண்டது. 1714இல் நவாபின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்துப் போர்க்களத்தில் மாண்டார்.

இந்நிகழ்வைத் ‘தேசிங்கு ராசன் கதை’ என்னும் கதைப்பாடல் ஊர்தோறும் கொண்டுசென்றது. தேசிங்குக்குத் துணைநின்ற உயிர்த்தோழர் மகமத்கான் ஓர் இசுலாமியர். திருமணக் கோலத்தில் இருந்த அவர், நண்பரின் ஓலை கண்டதும் மணவறையை விட்டுப் போர்க்களம் வந்து உயிர் துறந்தார் என்கிறது கதைப்பாடல். வடநாட்டிலிருந்து வந்த அரசரையும், பிற சமயத்தைச் சேர்ந்த நண்பரையும், நீலவேணி என்னும் குதிரையையும் தமிழ்மக்கள் தம்மவராகவே பாடினர். தோற்றவருக்குக் கிடைத்த நினைவுச் சின்னம் அப்பாடல். வென்றவரின் நினைவாக எழுந்த பள்ளிவாசல் கோட்டைக்குள் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தே 1714ஆம் ஆண்டின் வரலாறு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கினால், அவ்வரலாறு பாதியாகக் குறைந்துவிடும்.

போர் ஓய்ந்த பின்

18ஆம் நூற்றாண்டின் இறுதியோடு செஞ்சியின் போர்க்காலம் முடிந்தது. எல்லைகள் வேறிடங்களுக்கு நகர்ந்தன, படைகள் வெளியேறின. காவலற்ற கோட்டையில் காடு புகுந்தது. மதிற்கற்களும் தூண்களும் வேறு கட்டடங்களுக்கு எடுத்துச் செல்வதற்கு எளியவையாயின. வேங்கடரமணர் கோவிலின் உயர்ந்த ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர் என்பர். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அத்தூண்களே என்று கூறப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டில்தான் இந்நிலை மாறியது. பழஞ்சின்னங்களைக் காப்பதற்கான சட்டம் 1904இல் இயற்றப்பட்டது. 1921இல் செஞ்சிக்கோட்டை தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, தொல்லியல் துறையின் காவலில் வந்தது. அதன் வரலாற்றைச் சுவடிகளிலும் ஆவணங்களிலும் தேடித் தொகுத்த அறிஞர் சி.எஸ். சீனிவாசாச்சாரியாரின் ஆங்கில நூலை, 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மதில்களைக் காப்பதற்கு முன், அவை எவருடையவை, எக்காலத்தவை என அறிவதற்கு இத்தகைய உழைப்பு தேவைப்பட்டது. அன்னியர் ஆட்சிக்கால நிகழ்வுகளை நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கர் போன்றோரின் நாட்குறிப்புகளும் இவ்வகையில் கோட்டையைக் காத்த காவலர்களே.

காத்தல் என்னும் கலை

பழங்கட்டடத்தைப் பாதுகாத்தல் என்பதனைப் புதுப்பித்தல் எனப் பலர் எண்ணுவதுண்டு. இரண்டும் வேறானவை. இடிந்த சுவரை முழுமையாக்கி, வண்ணம் பூசி, புதிதுபோல் நிறுத்தினால் காண்போர் மகிழலாம். ஆனால் அச்சுவர் எவ்வாறு கட்டப்பட்டது, எப்போது தாக்கப்பட்டது, எவ்விடத்தில் பிற்காலத்தவர் கை பட்டது என்னும் சான்றுகள் அப்பூச்சின் அடியில் மறைந்துவிடும். 1964இல் உருவான வெனிசு சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்துகிறது. ஒரு சின்னத்தில் பல காலத்தவரின் பணிகள் இருப்பின், அவை அனைத்தும் மதிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் நெறி.

நடைமுறையில் கோட்டையின் முதற்பகை நீர். மழைநீர் வடியும் வழி அடைபட்டால், அது மதிலின் உள்ளே இறங்கி, உள்ளிருக்கும் மண்ணை ஊறச்செய்து, வெளிக்கற்களைத் தள்ளிவிடும். பழைய வடிகால்களைத் தூர்வாரித் திறந்து வைப்பதே பல மதில்களைக் காப்பாற்றும் எளிய மருந்து.

இரண்டாம் பகை செடி. பறவைகள் இட்ட எச்சத்திலிருந்து ஆலும் அரசும் கல்லிடுக்கில் முளைக்கின்றன. தண்டை மட்டும் வெட்டினால் அவை மீண்டும் பல கிளைகளாகத் தழைக்கும். வேர் பருத்துக் கற்களைப் பிரிப்பதற்கு முன்பே, கன்றாக இருக்கும்போதே வேரோடு அகற்ற வேண்டும். வளர்ந்துவிட்ட மரத்தை ஒரேயடியாகப் பிடுங்கினால் அதன் வேர் பற்றியுள்ள சுவரும் உடன்வரும். அத்தகைய இடங்களில் மரத்தைப் படிப்படியாக மாய்த்து, கற்களை எண்ணிட்டுப் பிரித்து, மீண்டும் அவ்வவ்விடத்தில் அடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறான பழுதுபார்ப்பு. பழஞ்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் கலந்து, பல நாள் புளிக்கவைத்து அரைத்து உருவாக்கும் அச்சாந்து, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்புப் படிந்து, பழைய செங்கல்லும் சுதையும் உதிரத் தொடங்கும். புதிய பொருள் வலிமையானது என்பதாலேயே பழைய பொருளுக்குத் தீங்காக முடிகிறது. ஆகவே பழைய முறையில் சாந்து அரைக்கத் தெரிந்த கைவினைஞரின் அறிவும், கோட்டையோடு சேர்த்துக் காக்கப்பட வேண்டிய செல்வமே.

ஒரு பெயரும் பல பெயர்களும்

2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், பாரிசு நகரில் நடைபெற்ற யுனெசுகோ உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வில், ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. இத்தொகுப்பிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. இந்தியாவின் 44ஆவது உலக மரபுச் சின்னம் என்னும் சிறப்பினை இத்தொகுப்பு பெற்றது.

மலை, காடு, கடற்கரை, தீவு எனப் பலவகை நிலங்களுக்கு ஏற்பக் கோட்டைகளை இணைத்துப் பாதுகாப்பு அமைத்த மராட்டியரின் திறனுக்குக் கிடைத்த பெருமை இது. அத்திறனின் தெற்கெல்லையாகச் செஞ்சி விளங்கியதால் அதற்கும் இடம் கிடைத்தது. உலகின் பார்வை திரும்பும்போது பராமரிப்பும் கூடும், பயணிகளும் பெருகுவர். அதே வேளையில் ஒரு கடமையும் நமக்கு வந்து சேர்கிறது. மராட்டியர் செஞ்சியை ஆண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அதற்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் அங்கே உள்ளன. கோட்டையைக் காணவரும் ஒருவர் ஆனந்தக்கோனையும், நாயக்கரின் களஞ்சியத்தையும், பீசப்பூர், முகலாயர் ஆட்சிகளையும், தேசிங்கையும் மகமத்கானையும், பெயர் தெரியாத கல்தச்சரையும் அறிந்து செல்ல வேண்டும். அவற்றைச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளும், வழிகாட்டிகளும், பள்ளி மாணவரின் களப்பயணங்களும் மதிலைத் தாங்கும் சாந்துபோல் தேவையானவை.

எந்த அரசுக்கும் நிலையாக உரிமையாகாத எல்லைக்கோட்டை, இன்று மக்கள் அனைவருக்கும் பொதுவாகியுள்ளது. பொதுவானது என்பதாலேயே அதன் முழு வரலாற்றையும் பேசவேண்டியிருக்கிறது.

காவலர் யார்?

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என இந்திய அரசமைப்பின் 49ஆவது பிரிவு கூறுகிறது. நம் பல்வகைப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிக் காப்பது குடிமக்கள் ஒவ்வொருவரின் அடிப்படைக் கடமை என 51அ பிரிவு கூறுகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சட்டம் எல்லை வகுக்கும். ஆனால் 13 கிலோமீட்டர் மதிலின் ஒவ்வொரு கல்லருகிலும் காவலர் ஒருவரை நிறுத்த எந்தத் துறையாலும் இயலாது. செஞ்சியைச் சுற்றி வாழும் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. வழிவழியாக அங்கே ஆடு மேய்ப்பவர்கள், குளத்துநீரைப் பயன்படுத்துபவர்கள், கோவிலில் விழா எடுப்பவர்கள் ஆகியோரை அயலாராகக் கருதி விலக்காமல், காவலில் கூட்டாளிகளாக்கினால்தான் காப்புப்பணி நிலைக்கும். வழிகாட்டுதல், கைவினை, உணவகம் போன்ற தொழில்கள் அவர்களைச் சேரும்போது, கோட்டை நிற்பது அவர்களின் வாழ்வும் நிற்பதற்கு வழியாகும்.

பயணியின் பங்கு இன்னும் எளியது. சுவரில் பெயர் எழுதாதிருத்தல், நெகிழிப் பொருள்களைக் கீழே இறக்கிக்கொண்டு வருதல், மதில்மேல் ஏறாதிருத்தல், சிதறிக் கிடக்கும் ஓட்டுச்சில்லையும் இடம் பெயர்க்காதிருத்தல் ஆகியவையே அவை. கரித்துண்டால் ஒருவர் எழுதிய பெயரைத் துடைக்கும்போது, அதன் அடியில் உள்ள நானூறு ஆண்டுக்காலச் சுதையும் சேர்ந்து உதிர்கிறது. எழுதியவர் பெயரை எவரும் நினைவில் கொள்வதில்லை. உதிர்ந்த சுதையை எவராலும் மீட்க இயலுவதில்லை.

எத்துணைச் சிறப்புகள் அமைந்திருந்தாலும், செயல்திறம் இல்லாதவர்களிடத்தில் அரண் பயனற்றுப் போகும் என்று கூறி வள்ளுவர் அரண் அதிகாரத்தை நிறைவு செய்கிறார். அன்று அக்கருத்து உள்ளிருந்து போரிட்ட வீரர்களுக்கு உரியதாயிருந்தது. இன்று அது செஞ்சிமலையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உரியது.

சொற்பொருள்

அரண் – கோட்டை, பாதுகாப்பு; முற்றுகை – பகைவர் சூழ்ந்து வளைத்தல்; சுனை – பாறையில் நீர் தங்கும் இடம்; இலாயம் – குதிரை கட்டும் இடம்; கப்பம் – சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்தும் பொருள்; சுதை – சுண்ணாம்புச் சாந்து; தண்டம் – அபராதம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்திலுள்ள கோட்டை, மண்டபம், குளம், பழைய கட்டடம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அதனைக் கட்டியவர், பின்னர்ப் பயன்படுத்தியவர், இன்றைய நிலை ஆகியவை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊர் முதியவர்களிடம் அவ்விடம் பற்றி வழங்கும் கதைகளையும் பாடல்களையும் கேட்டுத் தொகுக்க. வரலாற்றுச் செய்தியையும் வாய்மொழிச் செய்தியையும் தனித்தனியே குறிக்க.

3. ‘பழஞ்சின்னங்களைப் புதுப்பித்துக் காட்சிப்படுத்துவதே சிறந்தது – உள்ளவாறே காத்துவைப்பதே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. உழிஞைத் திணை, நொச்சித் திணை – வேறுபடுத்துக.
2. ‘குண்டு கிராமம்’ – பெயர்க்காரணம் யாது?
3. செஞ்சிக்கோட்டையின் மூன்று குன்றுகளைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. செஞ்சி பல அரசுகளின் எல்லைக்கோட்டையாக விளங்கியதை விளக்குக.
2. பழஞ்சுவரில் சிமெண்டு பூசுதல் ஏன் தீங்காக முடிகிறது?
3. தேசிங்கு ராசன் கதை வெளிப்படுத்தும் மக்கள் மனநிலையை எழுதுக.

நெடுவினா
‘கோட்டையைக் காத்தல் என்பது அதன் முழு வரலாற்றையும் காத்தலாகும்’ – செஞ்சிக்கோட்டையைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.